முயல் ஐஜிஜி-யில் ஜிஐஏ: ஊசிக்கு முந்தைய சீரமே 38% தடுப்பு காட்டுகிறது, கழித்துவிடலாமா?

மெரோ_37 (கேள்வி)

வணக்கம். மலேரியா ஒட்டுண்ணி சிவப்பணுவுக்குள் நுழையப் பயன்படுத்தும் ஆர்எச்5 புரதத்துக்கு எதிராக முயலில் வளர்த்த எதிர்ப்பொருள்களை (ஐஜிஜி) வளர்ச்சித் தடுப்புச் சோதனையில், அதாவது ஜிஐஏ-வில், வைத்துப் பார்க்கும்போது கன்ட்ரோல் எண்களே சரியாக வரவில்லை. விவரம் இது:

ஆன்டிஜென் முழுநீள ஆர்எச்5, எச்ஈகே293 செல்லில் தயாரித்தது. நான்கு முயல்கள், ஃப்ராய்ண்ட் துணையூக்கியோடு மூன்று ஊசி. சீரத்தைப் புரோட்டீன்-ஜி ரெசினில் ஏற்றி, பிஎச் 2.7 கிளைசினில் இறக்கி, ட்ரிஸ் விட்டு நடுநிலையாக்கி, பிபிஎஸ் உப்புக் கரைசலுக்கு மாற்றி, 20 மிகி/மிலி வரை செறிவாக்கியது.

ஒட்டுண்ணி ஃபால்சிபாரம் வகையின் 3டி7 ஆய்வக வரிசை. ஒட்டுண்ணிகளின் வயதைச் சீராக்கச் சார்பிட்டால் ஒரே ஒரு முறை. 96 குழித் தட்டில் 50 மைக்ரோலிட்டர் ஐஜிஜி, 50 மைக்ரோலிட்டர் கல்ச்சர். கல்ச்சரின் பாரசிட்டீமியா (ஒட்டுண்ணி உள்ள சிவப்பணுக்களின் பங்கு) 0.8%, ஹிமாட்டோக்ரிட் (சிவப்பணுக்களின் கனஅளவுப் பங்கு) 2%. 44 மணி நேரம் கழித்து பிஎல்டிஎச் (ஒட்டுண்ணியின் லாக்டேட் டிஹைட்ரஜனேஸ் நொதி) முறையில் 650 நானோமீட்டரில் அளவீடு. ஐஜிஜி இல்லாத கன்ட்ரோல் குழிகளில் 50 மைக்ரோலிட்டர் முழு மீடியம்.

10 மிகி/மிலி-இல் ஆர்எச்5 ஐஜிஜி 78%, ஊசிக்கு முன் எடுத்த சீரத்தின் ஐஜிஜி 38%. 2.5 மிகி/மிலி-இல் 41%, 12%. அடுத்த வாரம் அதே மாதிரிகள் 10 மிகி/மிலி-இல் 52%, 21%.

முன்சீர எண்ணைக் கழித்து 40% என்று எழுதலாமா? எந்தப் படியில் தவறு என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பொதிகை

கழிக்காதீர்கள். ஏன் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். 38% தடுப்பு என்றால் முன்சீரக் குழியில் 62% ஒட்டுண்ணி மிஞ்சியது. ஆர்எச்5 குழியில் 22%. கழித்தால் 40%. ஆனால் அந்த 38% ஏதோ பொதுவான நச்சு விளைவு, ஆர்எச்5 எதிர்ப்பொருள் அதற்கு மேல் தனியாக வேலை செய்கிறது என்று வைத்தால், 22-ஐ 62-ஆல் வகுக்க வேண்டும்; தடுப்பு 64% ஆகிவிடும். ஒரே தரவிலிருந்து 40-ம் 64-ம் வருகிறது என்றால் இரண்டையும் நம்ப முடியாது. முன்சீர எண் 10%-க்குக் கீழே இறங்கும்வரை மற்ற எண்களைப் பேசவே வேண்டாம்.

உங்கள் அமைப்பிலேயே கண்ணில் படும் தவறு பிபிஎஸ். ஐஜிஜி குழிகளில் பாதிக் கனஅளவு பிபிஎஸ். அங்கே ஒட்டுண்ணியின் உணவான குளுக்கோஸ், ஹைப்போசாந்தீன், ஆல்புமேக்ஸ், ஐசோலூசின் எல்லாமே பாதி. மனித ஹீமோகுளோபினில் ஐசோலூசின் கிடையாது; ஒட்டுண்ணி அதை மீடியத்திலிருந்துதான் எடுக்க வேண்டும். கன்ட்ரோல் குழியிலோ முழு மீடியம். இரண்டையும் ஒப்பிட்டால், ஐஜிஜி எதுவாக இருந்தாலும் “தடுப்பு” தெரியத்தான் செய்யும்.

இதைச் சோதிப்பது சுலபம். ஐஜிஜி-யைச் செறிவாக்கும்போது வடிகட்டிக்குக் கீழே இறங்கும் நீரைக் கொட்டாமல் வைத்திருங்கள். அதில் ஐஜிஜி இல்லை. மற்றபடி உப்பு, ட்ரிஸ், கிளைசின் எல்லாம் மேலே இருப்பதைப் போலவே இருக்கும். அந்த வடிநீரை 50 மைக்ரோலிட்டர் குழியில் விடுங்கள். வடிநீரே ஒட்டுண்ணியைத் தடுத்தால் குற்றம் பஃபரில், தடுக்காவிட்டால் ஐஜிஜி-யில்.

திருத்தம்: இறுதிக் கரைசல் பிபிஎஸ் வேண்டாம். பைகார்பனேட் சேர்க்காத, ஹெப்பீஸ் உள்ள ஆர்பிஎம்ஐ (அடிப்படை வளர்ப்பு மீடியம்), பிஎச் 7.4. நடுநிலையாக்க 1 மோலார் ட்ரிஸ்ஸைப் பத்தில் ஒரு பங்கு விட்டால் கரைசலில் கிட்டத்தட்ட 100 மில்லிமோலார் ட்ரிஸ் நிற்கும். ஒருமுறை பத்து மடங்கு நீர்த்துச் செறிவாக்கினால் இன்னும் 10 மில்லிமோலார் இருக்கும். மூன்று முறை செய்யுங்கள், ஆயிரத்தில் ஒரு பங்காகிவிடும். ரெசினைச் சோடியம் அசைடில் வைத்திருந்தால் ஏற்றும் முன் நன்றாகக் கழுவ வேண்டும். ஐஜிஜி பக்கம் ஆல்புமேக்ஸ் இல்லாததால் கல்ச்சர் பக்கத்தை 1% ஆல்புமேக்ஸோடு தயாரியுங்கள், கலந்த பின் 0.5% நிற்கும். ஹைப்போசாந்தீனுக்கும் இதே இரட்டிப்புக் கணக்கு. ஐஜிஜி இல்லாத கன்ட்ரோல் குழிக்கும் அதே ஆர்பிஎம்ஐ-தான் போக வேண்டும், முழு மீடியம் அல்ல.

கூடவே ஒன்று. கலக்கும்போது ஹிமாட்டோக்ரிட் பாதியாகும், பாரசிட்டீமியா பாதியாகாது. உங்கள் குழியில் தொடக்கம் 0.8%-ஏதான். பத்து மடங்கு பெருகினால் 8%. நன்றாக வளர்ந்த கன்ட்ரோல் குழிகள் கடைசி மணிநேரங்களில் திணறும், அளவீடும் மேல் எல்லையில் தட்டையாகும். 0.3 முதல் 0.5% போதும்.

சிவப்பணு

பொதிகை சொன்ன பஃபர் பாதிதான் என்று நினைக்கிறேன். முயல் ஐஜிஜி என்றால் மீதிப் பாதி மனிதச் சிவப்பணுவுக்கு எதிரான எதிர்ப்பொருள். ஊசி போடாத முயலிலும் அது இருக்கும். 10 மிகி/மிலி-இல் சிவப்பணுக்களை ஒட்டவைக்கும். ஒட்டிக் கட்டியான அணுக்களுக்குள் மெரோசோயிட் (சிவப்பணுவுக்குள் படையெடுக்கும் ஒட்டுண்ணி வடிவம்) புகுவது குறையும். தட்டைச் சாய்த்து அடியில் பாருங்கள். அணுக்கள் மெல்லிய படலமாக வழியாமல் துண்டு துண்டாக நகர்ந்தால் அதுதான்.

நீக்கும் முறை: சோதனையில் பயன்படுத்தப் போகும் அதே கொடையாளியின் ஓ பாசிட்டிவ் அணுக்களை ஆர்பிஎம்ஐ-யில் மூன்று முறை கழுவி, மேலே நிற்கும் வெள்ளணுப் படலத்தை உறிஞ்சி எறியுங்கள். 1 மிலி ஐஜிஜி-க்கு 50 மைக்ரோலிட்டர் கட்டியான அணு. அறை வெப்பத்தில் ஒரு மணி நேரம் மெதுவாகச் சுழல விட்டு, மையவிலக்கில் இறக்கி மேல்நீரை எடுங்கள். முயலுக்கு ஒருமுறை போதாது. புது அணுவோடு இரண்டு, மூன்று முறை, ஒட்டுதல் நிற்கும்வரை.

இங்கே பலர் கோட்டைவிடும் இடம்: உறிஞ்சலின்போது அணு உடைந்து ஹீமோகுளோபின் கசிந்தால் 280 நானோமீட்டர் அளவு ஏறும். ஐஜிஜி 10 மிகி என்று நினைத்து 7 மிகி விடுவோம். 415-லும் அளந்து பாருங்கள். அங்கே உச்சம் தெரிந்தால் 280-ஐ நம்பாமல் வேறு முறையில் புரதத்தை அளவிடுங்கள்.

இதைவிடப் பெரிய கவலை உங்கள் ஆன்டிஜென். எச்ஈகே293 மனித செல். தயாரிப்பில் கொஞ்சம் மனிதப் புரதம் கலந்திருந்தாலும் ஃப்ராய்ண்ட் துணையூக்கியோடு மூன்று ஊசியில் முயல் அதற்கு எதிராகவும் நல்ல எதிர்ப்பொருள் தயாரிக்கும். ஆர்எச்5 ஒட்டுவதே பேசிஜின் என்ற மனிதப் புரதத்தில். பேசிஜின் அந்தச் செல்லிலும் உண்டு, சிவப்பணுவிலும் உண்டு. ஆர்எச்5-ஓடு பேசிஜின் துளியளவு சேர்ந்து வந்தால் பேசிஜினுக்கு எதிரான எதிர்ப்பொருள் உருவாகும். அது சிவப்பணுப் பக்கத்திலிருந்து நுழைவாயிலை மறைக்கும், நீங்கள் அதை ஆர்எச்5 தடுப்பு என்று எழுதுவீர்கள். 2011-இல் பேசிஜின்தான் ஏற்பி என்று நிறுவிய ஆய்வே, பேசிஜினுக்கு எதிரான எதிர்ப்பொருள் படையெடுப்பை நிறுத்துவதைக் காட்டியது. எனவே இது வெறும் ஊகம் அல்ல.

முன்சீரம் இதற்குக் கன்ட்ரோல் ஆகாது, அந்த முயல் அப்போது எச்ஈகே புரதத்தைப் பார்த்ததே இல்லை. அதே செல்லில், அதே டேக்கோடு தயாரித்த வேறொரு புரதத்தை, அதே துணையூக்கியோடு போட்ட முயலின் ஐஜிஜி வேண்டும். சிவப்பணு உறிஞ்சல் இந்த எதிர்ப்பொருளில் பெரும்பகுதியையும் எடுத்துவிடும், அது கூடுதல் லாபம். புதிதாகத் தயாரிக்கும் வாய்ப்பு இருந்தால் ட்ரோசோஃபிலா எஸ்2 செல் நல்லது. மனிதரில் சோதித்த ஆர்எச்5.1 தடுப்பூசிப் புரதம் அதில்தான் தயாரானது. எந்தச் செல்லானாலும் கிளைக்கோசைலேஷன் (சர்க்கரை சேரும்) இடங்களை மாற்றியிருக்கிறீர்களா என்று பாருங்கள். ஒட்டுண்ணி தன் புரதத்தில் அந்தச் சர்க்கரையை மாட்டுவதில்லை. நாம் மாட்டினால் முக்கியமான பரப்பை மூடிவிடும்.

வைகைக்கரை

முன்சீரப் பிரச்சினையை இருவரும் பிரித்துவிட்டார்கள். வாரத்துக்கு வாரம் 78, 52 என்று ஆடுவது வேறு நோய். அது நேரம்.

பிஎல்டிஎச் அளப்பது படையெடுப்பை அல்ல, குழியில் எவ்வளவு லாக்டேட் டிஹைட்ரஜனேஸ் இருக்கிறது என்பதை. சிவப்பணுவுக்குள் புகுந்த ஒட்டுண்ணியின் இளம் வளையநிலையில் அது சொற்பம், வளர்ந்த ட்ரோஃபோசோயிட்டில் ஏறும். ஒரே எண்ணிக்கை ஒட்டுண்ணி 20 மணி வயதில் ஒரு எண்ணும், 32 மணி வயதில் அதைவிட மிகப் பெரிய எண்ணும் தரும். ஆகவே வளர்ச்சியை ஆறு மணி நேரம் தாமதப்படுத்தும் எந்த ஐஜிஜி-யும், ஒரு மெரோசோயிட்டைக்கூட நிறுத்தாமலே, “தடுப்பு” காட்டும்.

ஒருமுறை சார்பிட்டால் விட்டால் வயதான ஒட்டுண்ணிகள் மட்டும் உடையும், 0 முதல் ஏறக்குறைய 18, 20 மணி வரை உள்ளவை எல்லாம் தப்பும். இருபது மணி நேர அகலத்தில் சிதறிய கல்ச்சரை வைத்து ஜிஐஏ ஓட்டினால், சில சைஸாண்ட்கள் (பிளந்து வெடிக்கத் தயாரான முதிர்நிலை) ஐஜிஜி சேர்க்கும் முன்பே வெடித்திருக்கும், சில 44 மணியில்தான் வளையநிலைக்கு வந்திருக்கும். கல்ச்சர் எந்த வாரம் எந்தப் பக்கம் சாய்கிறதோ அதற்கேற்ப எண் ஆடும்.

இப்படிச் செய்யுங்கள். முதிர்ந்த சைஸாண்ட்களைப் பெர்கால் அடுக்கிலோ காந்தப் பத்தியிலோ பிரித்தெடுங்கள். ஹீமோசாயின் காந்தத்தில் ஒட்டும் என்பதால் இரண்டாவது முறை ஒட்டுண்ணியைக் குறைவாகவே வாட்டும். புது அணுவோடு சேர்த்து, குலுக்கியபடி நான்கு மணி நேரம். பிறகு 37 டிகிரியில் சூடாக்கிய 5% சார்பிட்டால் பத்து நிமிடம், மிஞ்சிய சைஸாண்ட் உடைந்துவிடும். கையில் இருப்பது 0 முதல் 4 மணி வளையங்கள் மட்டும். அவை 36–40 மணியை எட்டியதும் தட்டில் போடுங்கள். 42 மணி நேரம் கழித்து அடுத்த தலைமுறை 30–34 மணி வயதில், நல்ல கொழுத்த ட்ரோஃபோசோயிட்டாக நிற்கும். அங்கே நிறுத்துங்கள். இது 48 மணிச் சுற்றுக்கான கணக்கு. பல ஆய்வகங்களில் ஓடும் 3டி7-இன் சுற்று அதைவிடக் குறைவு. உங்கள் வரிசையின் சுற்றை நான்கு மணிக்கு ஒரு ஸ்மியர் போட்டு ஒருமுறை அளந்து வைத்துக்கொள்ளுங்கள், எல்லாக் கணக்கும் அதன் மேல்தான் நிற்கிறது.

இரவு இரண்டு மணிக்கு வெடிக்கும் கல்ச்சரைப் பகலுக்குத் தள்ள எம்எல்10 என்ற தடுப்பான் உதவும், 25 நானோமோலார். சைஸாண்ட் முதிர்ந்து வெடிக்காமல் காத்திருக்கும். கழுவிவிட்டால் உடனே வெடிக்கும், ஆனால் பல மணி நேரம் பிடித்து வைத்தால் மெரோசோயிட் வீரியம் இழக்கும். வளையங்களைத் தயாரிக்க மட்டும் பயன்படுத்துங்கள், ஜிஐஏ குழிக்குள் அது போகக் கூடாது.

தட்டில்: ஓரக் குழிகளில் மாதிரி வேண்டாம், மீடியமோ நீரோ நிரப்பி நடு அறுபதை மட்டும் எடுங்கள். ஓரம் ஆவியாகி உப்பு ஏறும். பின்னணிக்கு வெறும் சிவப்பணுக் குழி. முழுத் தடுப்புக்கு 5 மில்லிமோலார் ஈடிடிஏ. படையெடுப்பு மட்டும் நிற்கும் கன்ட்ரோலுக்கு ஹெப்பாரின் 100 மைக்ரோகிராம்/மிலி. அளக்கும் முன் குழிகளைப் பிபிஎஸ்-இல் கழுவி உறையவைத்து உருக்குங்கள். கழுவாவிட்டால் மேல்நீரில் மிதக்கும் நொதியும் சேர்ந்துகொள்ளும்.

ஒவ்வொரு நிலையிலும் ஒரு குழியை ஜிம்சா ஸ்மியருக்கு ஒதுக்குங்கள். இதை நான் வற்புறுத்திச் சொல்கிறேன். எண் சொல்லாததை ஸ்மியர் சொல்லும். உண்மையான படையெடுப்புத் தடுப்பில் ட்ரோஃபோசோயிட் எண்ணிக்கை குறைந்திருக்கும், இருப்பவை கன்ட்ரோல் அளவுக்கே வளர்ந்திருக்கும். பஃபர் நச்சில் எண்ணிக்கை ஏறக்குறைய சமம். ஆனால் சுருங்கிக் கறுத்த புள்ளிகளும் பின்தங்கிய வளையங்களும். உங்கள் 38% குழியில் எது என்று பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும். ஃப்ளோ சைட்டோமெட்ரி இருந்தால் டிஎன்ஏ சாயத்தில் பாரசிட்டீமியாவை நேராக எண்ணி பிஎல்டிஎச்-ஓடு ஒப்பிடுங்கள். இரண்டும் விலகினால் வளர்ச்சி பாதிக்கப்படுகிறது என்று பொருள்.

கொசுக்கூண்டு

இடையில் ஒரு கேள்வி. நம் ஊர்களில் வைவாக்ஸ் மலேரியாதானே அதிகம் பேசப்பட வேண்டியது? இதே ஆர்எச்5 ஐஜிஜி-யை வைவாக்ஸில் வைத்துப் பார்க்க முடியுமா?

பொதிகை

முடியாது. வைவாக்ஸில் ஆர்எச்5 மரபணுவே இல்லை. தவிர வைவாக்ஸை ஃபால்சிபாரம் போலத் தொடர் கல்ச்சரில் வளர்க்கவும் வழியில்லை. அது இளம் ரெட்டிக்குலோசைட்டுகளைத் தேடும். அதன் இணையான இலக்கு டஃபி ஏற்பியில் ஒட்டும் டிபிபி புரதத்தின் இரண்டாம் பகுதி. டெல்லி ஐசிஜிஇபி ஆய்வு நிறுவனத்தில் வடிவெடுத்த அந்த ஆன்டிஜெனை ஆக்ஸ்ஃபோர்டில் தன்னார்வலர்களுக்குப் போட்டுப் பிறகு வைவாக்ஸ் ஏற்றிப் பார்த்ததில், மூன்றாவது ஊசியைத் தள்ளிப் போட்ட குழுவில் ஒட்டுண்ணியின் பெருக்க வேகம் ஏறக்குறைய பாதியானது. ஆய்வகச் சோதனைக்கு, மனிதச் சிவப்பணுவுக்குப் பழக்கிய நோலெசி என்ற குரங்கு மலேரியா ஒட்டுண்ணியின் ஏ1-எச்.1 வரிசையில் அதன் டிபிபி-யை எடுத்துவிட்டு வைவாக்ஸ் டிபிபி-யை வைத்த ஒட்டுண்ணியைப் பயன்படுத்துகிறார்கள். அதன் சுற்று 27 மணி அளவுதான், இந்தத் திரியில் உள்ள நேரக் கணக்கெல்லாம் அங்கே பொருந்தாது. தனித் திரி போடுங்கள், விரிவாகப் பேசலாம்.

சிவப்பணு

மெரோ_37, எண்கள் சீரானதும் 10 மிகி/மிலி-யோடு நிறுத்திவிடாதீர்கள். ஆர்எச்5 ஊசி போட்ட ஆட்டஸ் குரங்குகளில் 2.5 மிகி/மிலி ஐஜிஜி-யில் 60%-க்கு மேல் ஜிஐஏ காட்டியவையே பாதுகாக்கப்பட்டன. உங்கள் மாதிரியும் அந்த இடத்தில் என்ன காட்டுகிறது என்பதுதான் கேள்வி. 10-இலிருந்து மும்மடங்காக நீர்த்து ஆறு, ஏழு புள்ளி எடுத்து வளைவு போடுங்கள். கிடை அச்சில் மொத்த ஐஜிஜி அல்ல, ஆர்எச்5-க்கே உரிய எதிர்ப்பொருள் மைக்ரோகிராமில் இருக்கட்டும். அப்போதுதான் நான்கு முயல்களையும் ஒப்பிட முடியும். எலிசா டைட்டர் (ஒட்டும் எதிர்ப்பொருளின் அளவு) உயர்ந்த முயல் ஜிஐஏ-வில் பின்தங்கினால் வியப்பில்லை; மெரோசோயிட் உள்ளே போக ஓரிரு நிமிடம்தான், அதற்குள் சரியான இடத்தில் ஒட்டாத எதிர்ப்பொருளால் பயன் குறைவு. ஆனாலும் தானாகத் தடுக்காத சில எதிர்ப்பொருள்கள் படையெடுப்பை மெதுவாக்கி, தடுக்கும் எதிர்ப்பொருளுக்கு நேரம் வாங்கித் தருவதை 2019-இல் காட்டியிருக்கிறார்கள். அதனால் எதையும் எலிசா பார்த்து எறிந்துவிட வேண்டாம்.

3டி7 ஒன்றோடும் நிற்காதீர்கள். ஏஎம்ஏ1 என்ற மற்றொரு மெரோசோயிட் புரதத்தின் தடுப்பூசி மாலியில் குழந்தைகளிடம் ஒட்டுமொத்தமாக 17%-தான் காட்டியது, அதுவும் புள்ளியியல் உறுதி இல்லாமல். ஊசியிலிருந்த 3டி7 வகையோடு பொருந்திய ஒட்டுண்ணிக்கு எதிராக மட்டும் 64%. ஆர்எச்5 அந்த அளவுக்கு மாறுவதில்லை என்பதே அதன் மீதான நம்பிக்கை. 2024-இல் வெளியான புர்கினா ஃபாஸோ சோதனையில் 5 முதல் 17 மாதக் குழந்தைகளிடம், மூன்றாவது ஊசியைத் தள்ளிப் போட்ட முறையில், ஆர்எச்5.1 தடுப்பூசி 55% பாதுகாப்புக் காட்டியது. இரத்தநிலைத் தடுப்பூசியில் இப்படி ஒரு எண்ணுக்காக எத்தனை ஆண்டுக் காத்திருப்பு! அதனால்தான் இந்தச் சோதனையைச் சரியாகச் செய்ய இவ்வளவு மெனக்கெடுகிறோம்.

மெரோ_37

எல்லாருக்கும் நன்றி. வடிநீர் மட்டுமே 24% தந்தது, ஸ்மியரில் சுருங்கிய ஒட்டுண்ணிகள். ஆர்பிஎம்ஐ-க்கு மாற்றிய முன்சீர ஐஜிஜி 13%. இரண்டு முறை அணுவில் உறிஞ்சிய பின் 4%. அதே முறையில் ஆர்எச்5 ஐஜிஜி 10 மிகி/மிலி-இல் 61%, நேரத்தை இறுக்கிய பின் மூன்று ஓட்டங்களில் 58 முதல் 63.

இனி இது ஆர்எச்5-ஆல்தான் என்று காட்ட, ஆர்எச்5 புரதத்தையே குழியில் சேர்த்து ஐஜிஜி-யை நிரப்பிவிட நினைக்கிறேன். எவ்வளவு புரதம்?

வைகைக்கரை

மோல் கணக்கில் போடுங்கள். 10 மிகி/மிலி ஐஜிஜி என்பது 67 மைக்ரோமோலார். அதில் 1% ஆர்எச்5-க்கு உரியது என்று உங்கள் அளவீடு சொன்னால் 0.67 மைக்ரோமோலார், இரண்டு கை என்பதால் 1.3 மைக்ரோமோலார் பிணைப்பிடம். ஆர்எச்5 ஏறக்குறைய 60 கிலோடால்டன். 2 மைக்ரோமோலார் என்றால் 120 மைக்ரோகிராம்/மிலி. அதை உச்சமாக வைத்து 1, 0.5, 0.25 என இறக்கி, ஐஜிஜி-யோடு முன்கூட்டியே அரை மணி நேரம் கலந்து வைத்துப் பிறகு கல்ச்சரைச் சேருங்கள்.

ஒரு கன்ட்ரோலை விட்டுவிடாதீர்கள்: ஐஜிஜி இல்லாமல் ஆர்எச்5 மட்டும் உள்ள குழி. ஆர்எச்5-க்கும் பேசிஜினுக்கும் உள்ள ஈர்ப்பு மைக்ரோமோலார் அளவில்தான். நீங்கள் சேர்க்கும் புரதமும் அதே அளவில் இருப்பதால் அது தானே சிவப்பணுவில் ஒட்டிக் கொஞ்சம் தடுக்கலாம். அப்படி நடந்தால் தடுப்பு முழுதாகப் பூஜ்யத்துக்கு இறங்காது, ஐஜிஜி-யில் வேறு எதிர்ப்பொருள் இருப்பதாகத் தவறாக முடிவு கட்டுவோம். அந்தக் குழி தடுப்புக் காட்டினால் மொத்த ஐஜிஜி-யை 3 மிகி/மிலி-க்கு இறக்குங்கள், தேவைப்படும் புரதமும் மூன்றில் ஒன்றாகும்.

புரதம் உங்கள் எச்ஈகே தயாரிப்பு வேண்டாம். அதில் மனிதப் புரதம் கலந்திருந்தால் அதுவும் சேர்ந்து நிரப்பிவிடும், சிவப்பணு எழுப்பிய சந்தேகம் அப்படியே நிற்கும். வேறு செல்லில் தயாரித்த ஆர்எச்5 கேட்டு வாங்குங்கள். 40 மைக்ரோலிட்டர் கொள்ளும் அரைப்பரப்புத் தட்டில் போட்டால் குழிக்கு 5 மைக்ரோகிராம் போதும், ஐஜிஜி-யும் மிச்சம்.